எலும்புப் பிடிக் கத்தி: பழையதா, பழையது போன்றதா?

ஒரு சிறிய மடக்குக் கத்தி. எஃகு அலகு இரண்டு. அவற்றை உள்ளடக்கிக்கொள்ளும் பித்தளைத் தகடுகள். இருபுறமும் பழுப்பேறிய எலும்புப் பிடி. “இது 1920களில் செய்தது, இன்று இதுபோல் கிடைக்காது” என்கிறார் விற்பவர். அவர் கேட்கும் விலையோ, அதே அளவுள்ள புதிய கத்தியின் விலையைப் போலப் பல மடங்கு. அவர் சொல்வது மெய்தானா? கத்தியைப் பிரித்துப் பார்க்க இயலாது. பிரித்தால் அதன் மதிப்பே போய்விடும். பிரிக்காமலே அதன் வயதை அறிய வழி உண்டா?

உண்டு. அதற்கு வேண்டியவை பெரும்பாலும் இரண்டே: கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்குப் பெருக்கக் கண்ணாடி ஒன்று, பொருள்கள் எவ்வாறு மூப்படைகின்றன என்ற அறிவு கொஞ்சம்.

நம் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவப் பயன்படுத்திய பேனாக்கத்தியின் மூத்த உறவினர்களே இக்கத்திகள். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று தோன்றியதால் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன் ஆகிய நகரங்கள் இத்தொழிலுக்குப் பேர்போனவை. அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் வேரூன்றியது. இன்று இந்நாடுகளில் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்போர் பலர். சேர்ப்போர் இருக்கும் இடத்தில் போலிகளைச் செய்வோரும் இருப்பார்கள் அல்லவா?

போலி என்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஷெஃபீல்டில் 1624ஆம் ஆண்டிலேயே கத்தி செய்வோர் சங்கம் சட்டப்படி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனி முத்திரை அளித்து அதைப் பதிவு செய்வது அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் சிலுவையும், வோஸ்டன்ஹோம் நிறுவனத்தின் ‘ஐ எக்ஸ் எல்’ என்னும் எழுத்துகளும் உலகெங்கும் அறியப்பட்ட முத்திரைகள். அம்மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ‘நான் விஞ்சி நிற்கிறேன்’ என்று பொருள்படும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய ஷெஃபீல்டு முத்திரைகளைத் தாங்கிய மலிவான கத்திகள் ஜெர்மனியிலிருந்து வந்து குவிந்தன. அதைத் தடுக்கவே 1887இல் பிரிட்டிஷ் அரசு வாணிகக் குறிகள் சட்டத்தை இயற்றியது. வெளிநாட்டுப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. இழிவுக் குறியாக நினைத்து விதித்த ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்களே சில ஆண்டுகளில் தரத்தின் அடையாளமாகிவிட்டது வேறு கதை.

இதிலிருந்து ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1880இல் சோலிங்கனில் செய்து, ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்த கத்தி இன்று 140 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழம்பொருள். ஆனாலும் அது போலி. ஆகவே ‘இது பழையதா?’ என்பது ஒரு கேள்வி. ‘இது தான் சொல்லிக்கொள்ளும் கத்திதானா?’ என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. உடைந்த பழைய கத்திகள் இரண்டு மூன்றிலிருந்து நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒன்றாக்கிய கத்தி. அதில் ஒவ்வொரு பாகமும் அசல்; முழுக் கத்தியோ எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததன்று.

ஒரு கத்தியில் எஃகு, பித்தளை, வெண்செம்பு எனப்படும் ஜெர்மன் சில்வர், எலும்பு எனப் பல பொருள்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எஃகு துருவேறும், பித்தளை களிம்பேறும், எலும்பு சுருங்கும், நிறம் மாறும், தேயும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரம் போல ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான பழைய கத்தியில் இக்கடிகாரங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தைக் காட்டும். போலி செய்பவரால் ஒரு கடிகாரத்தைத் திருப்பி வைக்க முடியும். எல்லாவற்றையும் ஒத்துப்போகச் செய்வதுதான் கடினம். எனவே ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

எலும்பும் கொம்பும்

ஷெஃபீல்டுக் கத்திகளின் உயர்ந்த பிடிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது நம் நாட்டுக் கடமானின் கொம்பு. மற்ற மான்களின் கொம்பைவிட அது கெட்டியானது. நடுவில் உள்ள பஞ்சு போன்ற பகுதி குறைவு. காடுகளில் உதிர்ந்து கிடந்த கடமான் கொம்புகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்றன. 1990களின் பிற்பகுதியில் இந்தியா இந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம். மானுக்கு இருப்பதையும் மாட்டுக்கு இருப்பதையும் நாம் ‘கொம்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பொருளால் இரண்டும் வேறு. மான் கொம்பு உண்மையில் எலும்பே. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. மாட்டுக் கொம்பின் மேலுறையோ நம் நகத்தைப் போன்ற கெராட்டின் என்னும் பொருளால் ஆனது, உதிர்வதில்லை. எருமைக் கொம்புப் பிடியில் எலும்பின் அடையாளங்களைத் தேடினால் கிடைக்காது.

மான் கொம்புக்கு விலை அதிகம். மாட்டின் கால் எலும்போ இறைச்சித் தொழிலின் கழிவு. அதைக் கொழுப்பு நீங்கச் சுத்தம் செய்து, சிறு பலகைகளாக அறுத்து, மேற்பரப்பை எந்திரத்தால் கொத்தி, பழுப்பு, பச்சை, சிவப்பு என்று சாயமேற்றினால், பார்வைக்கு மான் கொம்பு போலவே கரடுமுரடாக இருக்கும், கையிலும் வழுக்காது. அம்மி கொத்திய கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளமும் மேடுமாக அதே போன்ற வேலைதான். ஆக, நாம் இன்று அசலா என்று ஆராயும் எலும்புப் பிடியே ஒரு காலத்தில் மான் கொம்புக்கு மாற்றாக வந்த போலி! பிறகு எலும்புக்கே மாற்றுகள் வந்தன. செல்லுலாய்டு 1870 வாக்கில் வந்தது. 1907இல் லியோ பேக்லண்டு பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். 1960இல் டுபாண்ட் நிறுவனத்தின் டெல்ரின் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் விற்பனைக்கு வந்தது. மூன்றுமே கத்திப் பிடிகளில் இடம் பெற்றன. இவ்வாண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1920களின் கத்தி என்று சொல்லப்படுவதில் டெல்ரின் பிடி இருந்தால், பிடியாவது பிற்காலத்தது என்பது உறுதி.

கையிலிருப்பது எலும்புதானா என்று எப்படி அறிவது? உயிருள்ள எலும்புக்கு இரத்தம் வேண்டும். அதற்காக எலும்பின் நீளவாக்கில் மிக நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. 1691இல் இவற்றைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயரால் இவை ஹேவர்சியன் கால்வாய்கள் எனப்படுகின்றன. இவற்றின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. விலங்கு இறந்து, எலும்பு பலகையாகிப் பிடியானாலும் இக்குழாய்கள் அழிவதில்லை. சாயமும் அழுக்கும் அவற்றில் புகுந்து தங்கிவிடுகின்றன. பெருக்கக் கண்ணாடியில் பிடியின் நீளப் பரப்பைப் பார்த்தால் மெல்லிய குறுங்கோடுகளாகவும், குறுக்கே வெட்டுப்பட்ட முனையில் பார்த்தால் கருநிறப் புள்ளிகளாகவும் அவை தெரியும். சில பிடிகளின் விளிம்பில், பித்தளைத் தகட்டை ஒட்டிய பக்கத்தில், எலும்பின் உட்புறப் பஞ்சுப் பகுதி சிறிது எட்டிப் பார்ப்பதும் உண்டு. எந்தப் பிளாஸ்டிக்கிலும் இவை இயல்பாக அமைவதில்லை. கோடுகளை அச்சிட்டுக் காட்டலாம். ஆனால் கோடு ஒரு பரப்பிலும் புள்ளி மறு பரப்பிலும் பொருந்தி வரும்படி செய்ய முடியாது.

கொத்து வேலையையும் கவனியுங்கள். எலும்பில் வெட்டிய பள்ளத்தின் அடியில் வெட்டுக் கருவியின் கோடுகள் இருக்கும். பிளாஸ்டிக் பிடி அச்சில் வார்க்கப்படுவது. பள்ளத்தின் அடி மழமழவென்றிருக்கும். ஒரே மாதிரிக் கத்திகள் இரண்டு கிடைத்தால் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். கொத்துகள் ஒவ்வொன்றும் அப்படியே ஒத்திருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை.

புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்கள் இருட்டறையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். சாயம் அதிகம் ஏறாத எலும்பு நீலங்கலந்த வெண்மையாக ஒளிரும். அடர்ந்த சாயம் இந்த ஒளியை மங்கச் செய்துவிடுவதால் இச்சோதனையை மட்டும் நம்ப முடியாது. ஆனால் வெடிப்பை மறைக்கப் பூசிய புதுப் பசை, சுற்றியுள்ள எலும்பிலிருந்து வேறுபட்டு ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே இது பயனுள்ளது.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்தி, வாடையைக் கொண்டு பொருளை அறியும் முறை ஒன்று வழக்கில் உள்ளது. எலும்பானால் தீய்ந்த முடி நாற்றம். பேக்கலைட்டானால் கார்பாலிக் சோப்பின் நெடி. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அசல் பொருளில் ஆறாத வடு விழும் என்பது ஒருபுறமிருக்க, செல்லுலாய்டு என்பது வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. பற்றினால் குப்பென்று எரியும். செல்லுலாய்டுக்கு ஊசியே தேவையில்லை. அதில் கர்ப்பூரம் சேர்ந்திருப்பதால் துணியால் விரைந்து தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தாலே பூஜையறை வாசனை வரும்.

தேய்மானம் பொய் சொல்லுமா?

கொத்திய எலும்பில் சாயம் மேற்பரப்பிலிருந்து சிறிது ஆழமே ஊறியிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒருவர் சட்டைப்பையில் வைத்துப் பயன்படுத்தினால் மேடுகள் முதலில் தேயும். அவை வழவழப்பாகி, அங்கு நிறம் வெளிறும்; பள்ளங்களில் நிறம் அப்படியே இருப்பதோடு அழுக்கும் எண்ணெயும் படியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இந்நிற மாற்றம் படிப்படியாக இருக்கும். பழமைத் தோற்றம் தருவதற்காகத் தேயிலைச் சாற்றிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலிலோ ஊறவைத்த புது எலும்பில் மேடும் பள்ளமும் ஒரே அளவு பழுத்திருக்கும். பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் மேடு வெளிறும்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் இணையான கீறல்கள் தெரியும். கைபட்டுத் தேய்ந்த பரப்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும்.

தேய்மானம் கத்தி முழுவதிலும் ஒத்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அலகு பல ஆண்டுகள் தீட்டப்பட்டுப் பாதியாகியிருக்க, பிடியின் கொத்துகள் மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கலாமா? பிடி வழவழப்பாகத் தேய்ந்திருக்க, அலகு மட்டும் முழு அகலத்தில் இருக்கலாமா? இரண்டுமே ஐயத்துக்குரியவை.

எலும்பு காலப்போக்கில் சிறிது சுருங்குகிறது. அதனால் உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல் பிடியின் முனையில் இருக்கும் உலோகப் பூணுக்கும் எலும்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி தோன்றலாம். பிடியைத் தகட்டோடு பிணைக்கும் தறையாணிகளைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் உண்டாகலாம். ஆணி இரும்பானால் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே அது எலும்பை உள்ளிருந்து நெருக்கி வெடிக்கச் செய்கிறது, செந்நிறக் கறையையும் சுற்றிலும் பரப்புகிறது. இக்கறை எலும்பின் துளைகள் வழியே மெல்ல ஊறியிருந்தால் காலத்தின் வேலை. ஆணி மட்டும் பளிச்சென்ற மஞ்சள் பித்தளையாக இருந்து, மற்ற ஆணிகள் மங்கியிருந்தால் யாரோ பிடியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

முத்திரையைப் படித்தல்

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முத்திரைதான். எனவே மோசடியும் அங்கேதான் அதிகம். அலகைத் திறந்து, அது சுழலும் அடிப்பகுதியைப் பாருங்கள். தொழிற்சாலையில் எஃகு மிருதுவாக இருக்கும்போதே முத்திரையை அச்சால் அழுத்திப் பதிப்பார்கள். அதன் பிறகே அலகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, சாணை பிடித்து மெருகேற்றுவார்கள். ஆகையால் அசல் முத்திரையில் எழுத்துகளின் விளிம்பு சுற்றுப்பரப்போடு சமமாக இருக்கும். மோசடிக்காரர் கையில் இருப்பதோ ஏற்கெனவே கடினமான எஃகு. அதில் அமிலத்தாலோ மின்சாரத்தாலோ அரித்து எழுதினால் எழுத்தின் அடி பொரிபொரியாக இருக்கும். செதுக்கினால் ஒவ்வொரு கோட்டிலும் உளியின் தடம் தெரியும்.

மேலும், மலிவான பழைய கத்தியில் அரிய முத்திரையைப் போட வேண்டுமானால் முன்பிருந்த முத்திரையை முதலில் அராவி எடுக்க வேண்டும். அராவினால் அலகின் அடி மெலியும். மெலிந்தால் அலகுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியும், அலகும் ஆடும். இரண்டு அலகுகள் உள்ள கத்தியில் ஒன்றன் அடி மட்டும் மெலிந்திருப்பதைக் கண்டால் அந்தப் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முத்திரையின் சொற்களும் காலம் சொல்லும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவுக்குச் சென்ற கத்தியில் ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். ‘இங்கிலாந்து’ என்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பிந்தியது. (உள்நாட்டில் விற்ற கத்திகளுக்கு இவ்விதி பொருந்தாது.) ‘மேற்கு ஜெர்மனி’ என்ற பெயர் 1949 முதல் 1990 வரைதான் இருக்க முடியும். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லோ, அந்த எஃகோ இருந்தால், ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்கா எஃகை உருவாக்கிய 1913க்கு முன்பு அக்கத்தி செய்யப்பட்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் உள்ள கேஸ் நிறுவனத்தின் முத்திரை நாட்காட்டி போன்றது. 1965இல் அதில் ‘யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்துகள் சேர்ந்தன. 1970இல் அவற்றின் கீழ்ப் பத்துப் புள்ளிகள் இடப்பட்டன. பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைக்கப்பட்டு, 1979இல் ஒன்றே எஞ்சியது. நான்கு புள்ளிகள் இருந்தால் 1976. புள்ளியை எண்ணத் தெரிந்தவர் வயதைச் சொல்லிவிடலாம். புள்ளிகள் அனைத்தையும் அராவி எடுத்துவிட்டால் வயதைக் கூட்டிவிடலாம் என்பதுதான் சிக்கல்! பல கத்திகளில் மாதிரி எண்ணும் உண்டு. 6254 என்றால், முதல் எண்ணான 6 கொத்திய எலும்புப் பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 கத்தியின் வடிவத்தையும் குறிக்கும். முதல் எண் 5 ஆனால் மான் கொம்பு. எண் ஒன்று சொல்லப் பிடி வேறொன்று சொன்னால் பிடி மாற்றப்பட்டிருக்கலாம். அவசரப்பட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எலும்புக்கு உரிய 6ஆம் எண்ணையே அந்நிறுவனம் டெல்ரின் பிடிகளுக்கும் இட்டதுண்டு. கையிருப்பில் இருந்த சென்ற ஆண்டு அலகைப் புது அலகோடு சேர்த்துப் பூட்டியதால், ஒரே கத்தியில் இரு ஆண்டுகளின் முத்திரைகள் அமைந்ததும் உண்டு. தொழிற்சாலை என்பது அருங்காட்சியகம் அன்று. இருப்பதைப் பயன்படுத்தித்தான் வேலை நடக்கும்.

நிறுவனங்கள் தாமே வெளியிடும் மறுபதிப்புகளும் சேர்ப்போரைக் குழப்புகின்றன. 1920களில் ரெமிங்டன் நிறுவனம் செய்த, பிடியில் துப்பாக்கிக் குண்டு வடிவத் தகடு பதித்த கத்திகள் மிகவும் விரும்பப்படுபவை. 1982 முதல் அவற்றின் மறுபதிப்புகள் அதே பெயரில் நேர்மையாகவே வெளிவந்தன. அவற்றைத் தேய்த்து, கறையேற்றி, முந்தியவை என்று விற்பதுதான் மோசடி.

அணுகுண்டு விட்டுச்சென்ற குறி

இத்தனையும் பார்த்த பின்னும் ஐயம் தீரவில்லை என்றால் ஆய்வுக்கூடம் உதவுமா? ஓரளவு உதவும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட்டு வகைக் கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜென் என்னும் புரதம். சிறு துணுக்கிலிருந்து கொலாஜெனைப் பிரித்து ஆராய்ந்தால் அது மாட்டெலும்பா, ஒட்டக எலும்பா என்று சொல்லிவிட முடியும்.

வயதை அறிய ஒரு விந்தையான வழி உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 பெருகி, 1963-64 வாக்கில் வடகோளத்தில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அக்காற்றைப் புல் உண்டது. புல்லை மாடு மேய்ந்தது. எனவே 1955க்குப் பின் வாழ்ந்த மாட்டின் எலும்பில் அந்த மிகைக் கார்பன் இருக்கும். 1920ஆம் ஆண்டுப் பிடி என்று சொல்லப்படும் எலும்பில் அது இருந்தால் வாதத்துக்கே இடமில்லை. திருட்டு யானைத் தந்தத்தின் காலத்தை அறியவும் இதே முறை கையாளப்பட்டிருக்கிறது.

ஆனால் இதற்கும் இரு குறைகள். பழைய எலும்புப் பலகையை எங்கோ தேடி எடுத்து இன்று கத்தியில் பொருத்தினால், ஆய்வுக்கூடம் எலும்பின் வயதைச் சொல்லுமே தவிரக் கத்தியின் வயதைச் சொல்லாது. இரண்டாவது, 1963க்குப் பிறகு காற்றில் அந்த மிகை ஆண்டுதோறும் குறைந்துவந்திருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் வரும் கார்பன்-14 இல்லாத கரியமில வாயு அதை மேலும் நீர்க்கச் செய்து, 2020களின் தொடக்கத்தில் அளவு தொழிற்புரட்சிக்கு முந்திய நிலைக்கே திரும்பிவிட்டது. அதாவது இனி மேயும் மாட்டின் எலும்பு, கார்பன் கணக்கில் 1920ஆம் ஆண்டு மாட்டெலும்பைப் போலவே தோன்றக்கூடும். அணுயுகம் தந்த அளவுகோல் போலி செய்பவருக்குச் சாதகமாக மழுங்கிவருகிறது. சோதனைக்காகும் செலவோ, பல கத்திகளின் விலையை விஞ்சிவிடும். மறுபடியும் பெருக்கக் கண்ணாடிக்கும் தறையாணிக்கும்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலேயே இத்தகைய கத்தி ஒன்று இருந்தால், ஆராயும் முன் அதைத் துலக்கிவிடாதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளையைப் பளபளக்கச் செய்வது நம் பழக்கம். இங்கோ களிம்பும் மங்கலும் பள்ளத்து அழுக்கும்தான் சாட்சிகள். அவற்றைத் துடைத்துவிட்டால் அசல் கத்தியும் தன் பழமையை நிறுவ வழியின்றி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் செந்துருவை மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் தோய்ந்த துணியால் எடுங்கள். தோலுறையில் நீண்டகாலம் வைக்க வேண்டாம். தோலின் பதச்சரக்குகள் உலோகத்தை அரிக்கும். செல்லுலாய்டுப் பிடிக் கத்தி எதுவும் உடனிருந்தால் அதைத் தனிப் பெட்டியில், காற்றோட்டமாக வையுங்கள். செல்லுலாய்டு மக்கும்போது வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு ஆவி, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, ஒரே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளின் அலகுகளையும் தின்றுவிடும்.